பேதி மருந்தும் மற்ற மருந்துகளும்: புதிய வீட்டில் கவனிக்க வேண்டியவை

லயத்திலிருந்து புதிய வீட்டுக்குச் சாமான் ஏற்றும்போது அண்டா, பாய், சாமிப்படம், பிள்ளைகளின் கொப்பிகள் ஆகியவற்றோடு ஒரு பையும் லொறியில் ஏறும். அதற்குள் பாதி குடித்த பாணிப் போத்தல், பெயர் அழிந்த மாத்திரைக் கடதாசி, வெள்ளத்துக்கு முன்பு வாங்கிய விளக்கெண்ணெய், யாரோ உறவினர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த மருந்து எல்லாம் கலந்து கிடக்கும். 2016 மே 17 அன்று அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டியவிலும் மலை சரிந்தபோதும், 2017 மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளம் ஏறியபோதும் பலர் இந்தப் பையைக்கூட எடுக்க முடியாமல் ஓடினார்கள். கிளினிக் கொப்பியும் அதோடு போனது. பிறகு முகாமில் ஒருவர் கொடுத்தது, கடையில் ஒருவர் கொடுத்தது என்று புதிதாக ஒரு பை சேர்ந்தது. என்ன மருந்து, எதற்கு என்று தெரியாமலே சேர்ந்த பை அது.

இந்தக் கட்டுரை அந்தப் பையில் இருக்கும் ஒரே ஒரு வகை மருந்தைப் பற்றியது: மலம் இளகிப் போவதற்குக் குடிக்கும் மருந்து. பேதி மருந்து என்று நாம் சொல்வது. அதை யாரும் பெரிய மருந்தாக நினைப்பதில்லை. வைத்தியர் "வேறு என்ன மருந்து குடிக்கிறீர்கள்?" என்று கேட்டால் பிரஷர் மாத்திரையைச் சொல்வோம், சீனி மாத்திரையைச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை குடித்த விளக்கெண்ணெயைச் சொல்ல மாட்டோம். ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இடம் மாறும்போது ஏன் வயிறு கட்டுகிறது

முகாமில் பல குடும்பங்களுக்கு ஒரே கழிவறை. இருட்டில் போகப் பயந்து பெண்களும் பிள்ளைகளும் அடக்கிக்கொள்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இது புதிதல்ல. மலையில் ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்து பழகியவர்கள் அவர்கள். உலர் உணவுப் பொதியில் கோதுமை மாவும் பருப்பும் இருக்கும், கீரை இருக்காது. புதிய வீட்டுக்கு வந்த பிறகும் தோட்டம் போட்டு ஒரு முருங்கை துளிர்க்க மாதங்கள் ஆகும்.

இதற்கு மேல், நாம் குடிக்கும் மருந்துகளே வயிற்றைக் கட்டும். இரத்தச் சோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை முதலில் வரும். அது மலத்தைக் கறுப்பாக்கும், இறுக்கவும் செய்யும். கோடீன், டிரமடோல் சேர்ந்த வலி மாத்திரைகள், சிலவகை பிரஷர் மாத்திரைகள், நித்திரைக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், கல்சியம் மாத்திரை ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். மனநலக் கிளினிக்கில் குளோசபின் எடுப்பவர்களுக்கு வரும் மலச்சிக்கல் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்கு மூன்று நாட்களாகப் போகவில்லை என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், மாத்திரையையும் சொந்த முடிவில் நிறுத்தாமல், கிளினிக்குக்கு அறிவியுங்கள்.

ஆகவே பேதி மருந்தைத் தேடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "வயிறு கட்டத் தொடங்கியது எந்த மாத்திரை தொடங்கிய பிறகு?" என்பது. மருந்து ஒன்றின் தொல்லைக்கு இன்னொரு மருந்தைக் குடித்து, அதன் தொல்லைக்கு மூன்றாவது மருந்தைத் தேடுவதை விட, முதலாவதை மாற்றித் தர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பது நல்லது.

எல்லாப் பேதி மருந்தும் ஒன்றல்ல

இசப்கோல் போன்றவை தண்ணீரை உறிஞ்சிப் பருத்து மலத்தை மென்மையாக்கும். லக்டுலோஸ் பாணியும் மில்க் ஒப் மெக்னீசியாவும் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். விளக்கெண்ணெய், நிலாவரை, பைசக்கொடில் மாத்திரை ஆகியவை குடலைத் தூண்டி இறுக்கித் தள்ளும். திரவப் பரபின் வழுக்கச் செய்யும்.

வேலை செய்யும் நேரமும் வேறு. பைசக்கொடிலும் நிலாவரையும் 6 முதல் 12 மணித்தியாலத்தில் வேலை செய்யும், அதனால்தான் இரவில் குடிக்கச் சொல்கிறார்கள். லக்டுலோஸுக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். இசப்கோலுக்கு இரண்டு மூன்று நாள் கூட ஆகலாம். இது தெரியாமல் காலையில் பாணி குடித்து, மாலைவரை பார்த்து, "கேட்கவில்லை" என்று இரவில் பைசக்கொடில் விழுங்கி, விடியற்காலையில் விளக்கெண்ணெயும் குடித்தால் மறுநாள் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். நாங்கள் அடிக்கடி கேள்விப்படும் கலப்பு இதுதான்: ஒரு பேதி மருந்தோடு இன்னொரு பேதி மருந்து. ஒன்றைக் குடித்தால் அதற்குரிய நேரத்தைக் கொடுங்கள்.

பைசக்கொடில் மாத்திரையைப் பற்றி ஒரு சிறு விஷயம். அதன் மேல் ஒரு பூச்சு உண்டு. இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகே அது கரைய வேண்டும். பாலோடு அல்லது நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தோடு சேர்த்தால் பூச்சு இரைப்பையிலேயே கரைந்து, வயிற்றைப் பிடுங்கும், வாந்தி வரும். பால்தேத்தண்ணியோடு விழுங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதை விடுங்கள். வெறும் தண்ணீரோடு, மெல்லாமல், உடைக்காமல் முழுதாக விழுங்குங்கள். பாலுக்கும் இந்த மாத்திரைக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி இருக்கட்டும்.

பிரஷர், இருதயம், சீனி: இங்கேதான் அதிக கவனம்

ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். வயது அறுபதை நெருங்குகிறது. கால் வீக்கத்துக்கும் பிரஷருக்கும் சிறுநீர் போகும் மாத்திரை குடிக்கிறார். புருசமைட் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைட் என்று பையில் எழுதியிருக்கும். புதிய வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாக வயிறு சரியில்லை. "சின்ன வயதில் அம்மாயி கொடுத்ததுதானே" என்று ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் குடிக்கிறார். எட்டுத் தடவை போகிறது. உடம்பு சுத்தமாகிவிட்டது என்று திருப்தி. திங்கட்கிழமை காலை கால் தூக்க முடியவில்லை, கெண்டைக்கால் இழுக்கிறது, நெஞ்சு படபடக்கிறது.

நடந்தது இதுதான். சிறுநீர் மாத்திரை, தண்ணீரோடு பொட்டாசியம் என்ற உப்பையும் வெளியேற்றும். பேதியும் அதே பொட்டாசியத்தை வெளியேற்றும். இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டிய குளம் போல உடம்பு வற்றுகிறது. தசைகள் சுருங்கி விரிவதற்கும் இருதயம் ஒழுங்காகத் துடிப்பதற்கும் பொட்டாசியம் வேண்டும். அது குறைந்தால் முதலில் சோர்வும் தசைப்பிடிப்பும் வரும், மேலும் குறைந்தால் இருதயத் துடிப்பு தடம் மாறும். அதே அம்மா இருதயத்துக்கு டிகொக்சின் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால் ஆபத்து பல மடங்கு. பொட்டாசியம் குறைந்த உடம்பில் வழக்கமான அளவு டிகொக்சின்கூட நஞ்சாகலாம். குமட்டல், கண்ணில் மஞ்சள் பூத்தது போன்ற பார்வை, துடிப்பு மிக மெதுவாவது அல்லது தாறுமாறாவது அதன் அடையாளங்கள்.

இன்னொரு சேர்க்கை சிறுநீரகத்தைத் தாக்கும். பிரஷருக்கு எனலப்ரில் அல்லது லோசார்ட்டன், அதோடு சிறுநீர் மாத்திரை, முதுகு வலிக்குக் கடையில் வாங்கிய டைக்குளோபெனக். இந்த மூன்றையும் ஒன்றாக எடுப்பதே சிறுநீரகத்துக்குப் பாரம். அதன் மேல் பேதி போய் உடம்பில் தண்ணீரும் வற்றினால் சிறுநீரகம் சில நாட்களில் செயலிழக்கலாம். கூடை சுமந்து முதுகு வலிக்கும் நம் பெண்கள் டைக்குளோபெனக்கை மிட்டாய் போலச் சாப்பிடுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ரப்பர் வெட்டுபவர்களும் அப்படியே. வலிக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரஷர் மாத்திரை எடுப்பவர் வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்கக்கூடாது, வாங்கியிருந்தால் அதன் மேல் பேதிக்குக் குடிக்கவே கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு வேறொரு சிக்கல். பேதிக்குக் குடிக்கும் நாளில் சாப்பிடாமல் இருப்பது வழக்கம். கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி திடீரென்று இறங்கும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். நினைவு இருக்கும்போதே சீனி போட்ட தேத்தண்ணி அல்லது குளுக்கோஸ் கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

ஏற்கெனவே குடித்துவிட்டு, நிற்காமல் போகிறது என்றால் ஒரு பைக்கட் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தொடங்குங்கள். அன்றைய பிரஷர், சிறுநீர், சீனி மாத்திரைகளில் எதை எடுக்கலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று அன்றே வைத்தியசாலையில் கேளுங்கள். அந்த முடிவைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்க வேண்டாம்.

எலிக்காய்ச்சல் மாத்திரையும் வெள்ளை மருந்தும்

சப்ரகமுவவில் இதை எழுதாமல் விட முடியாது. இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் அதிகமாகக் காணப்படும் மாவட்டங்கள். 2008 இல் நாடு முழுவதும் 7000 க்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் பதிவானார்கள். வயலில் இறங்குபவர்களுக்கும் மாணிக்கக் குழியில் வேலை செய்பவர்களுக்கும், வெள்ளத்துக்குப் பின் சேறு அள்ளப் போகிறவர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாக டொக்சிசைக்கிளின் கொடுக்கப்படுகிறது. பொதுவாக வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம்.

வாரத்துக்கு ஒரே தடவை என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு தடவை உடம்பில் ஊறாமல் போனால் அந்த வாரம் முழுவதும் பாதுகாப்பு குறைந்துவிடும். மில்க் ஒப் மெக்னீசியாவிலும் நெஞ்செரிச்சல் மருந்துகள் பலவற்றிலும் உள்ள மெக்னீசியம் டொக்சிசைக்கிளினைக் குடலிலேயே கட்டிப்போட்டு மலத்தோடு வெளியேற்றும். இரும்புச்சத்தும் கல்சியமும் அப்படியே. மாத்திரை குடித்ததாகத்தான் நீங்கள் நினைப்பீர்கள். சேற்றில் இறங்கியும் விடுவீர்கள். எனவே டொக்சிசைக்கிளின் எடுக்கும் நாளில் வெள்ளை மருந்து வேண்டாம். இரும்பு மாத்திரை எடுப்பவர் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று மாத்திரை தருபவரிடமே கேட்டு வையுங்கள். சாப்பிட்ட பின், ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்த மாத்திரையை வீட்டிலுள்ளவர் பங்கு போட்டுக் கொடுக்கக் கூடாது.

சிறுநீர் எரிச்சலுக்கும் மற்றக் கிருமித் தொற்றுகளுக்கும் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசினுக்கும் இதே விதி பொருந்தும். தைரொக்சின் எடுப்பவர்கள் இரும்பு, கல்சியம், மெக்னீசியம் எல்லாவற்றிலிருந்தும் 4 மணித்தியாலம் தள்ளி எடுக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மெக்னீசியம் சேர்ந்த பேதி மருந்தைத் தொடவே வேண்டாம். வெளியேற முடியாத மெக்னீசியம் இரத்தத்தில் தேங்கும்.

புழு மருந்துக்குப் பிறகு பேதி தேவையா?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் தோட்டங்களின் கதையே அதில் இருக்கிறது. 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கும் வேலை தொடங்கியது. செருப்பில்லாமல் மலையில் நடந்த தொழிலாளரின் கால் வழியே ஏறி, குடலில் ஒட்டி, இரத்தத்தை உறிஞ்சிய புழு அது. அந்தக் காலத்து வைத்தியத்தில் கொக்கிப்புழுவுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று தைமோல், நம் ஓமத்தில் இருக்கும் அதே சத்து. புழுவைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்தால் அது மனிதருக்கும் நஞ்சு. எனவே முன்னும் பின்னும் பேதி உப்பு கொடுத்து அதை வெளியே தள்ளினார்கள். ஆனால் பேதிக்கு விளக்கெண்ணெய் மட்டும் கொடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தைமோல் எண்ணெயில் கரையும். கரைந்தால் குடலைத் தாண்டி இரத்தத்தில் ஏறும். சாராயமும் அதே காரணத்துக்காகத் தடை. தவறான பேதி மருந்து, சரியான புழு மருந்தை நஞ்சாக்கிவிடும் என்பதை நூறு வருடத்துக்கு முன்பே வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள்.

இன்று பாடசாலையிலும் கிளினிக்கிலும் கொடுக்கும் மெபெண்டசோல் அப்படிப்பட்ட மருந்தல்ல. பேதி கொடுத்து வெளியேற்றத் தேவையில்லை. தைமோல் போய்விட்டது, அதன் கூட வந்த பேதிப் பழக்கம் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. பிள்ளைக்குப் புழு மருந்து கொடுத்த மறுநாள் விளக்கெண்ணெய் ஊற்றுவதை நிறுத்திக்கொள்ளலாம். விடுமுறை வந்தால் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி ஊற்றுவதையும்கூட.

பெண்களுக்கு

கர்ப்பிணிகள் விளக்கெண்ணெய் குடிக்கக் கூடாது. அது குடலை மட்டுமல்ல, கருப்பையையும் சுருங்கச் செய்யக்கூடியது. இரும்பு மாத்திரையால் வயிறு கட்டினால் மாத்திரையைக் கூரையில் செருகி வைக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நேரத்தை மாற்றவோ வேறு வகை கொடுக்கவோ வழியுண்டு. தேத்தண்ணியோடு அந்த மாத்திரையைக் குடித்தால் இரும்பு ஊறாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

மித்துரி போன்ற கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், யாரும் பெரும்பாலும் சொல்வதில்லை. பேதி மருந்தினாலோ வேறு காரணத்தாலோ 24 மணித்தியாலத்துக்கு மேல் கடுமையாக வயிற்றோட்டம் போனால், அந்த நாட்களின் மாத்திரையை எடுக்காததாகவே கணக்கு வைக்க வேண்டும். மாத்திரையைத் தொடர்ந்து எடுங்கள். வயிற்றோட்டம் நின்று 7 நாட்கள் வரை ஆணுறையும் பாவியுங்கள். வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கும் இதே பிரச்சினை வேறு வடிவில் வரும். மருந்து ஊறாமல் வெளியேறினால் அடங்கியிருந்த வலிப்பு திரும்பலாம்.

நாட்டு மருந்தையும் சொல்லுங்கள்

கடுக்காய், திரிபலா, நிலாவரை, கற்றாழைப் பால் எல்லாம் பேதியாக்கும் மருந்துகள்தான். மேலே சொன்ன சிறுநீர் மாத்திரை, டிகொக்சின் ஆபத்துகள் இவற்றுக்கும் பொருந்தும். செடியில் விளைந்தது என்பதால் பொட்டாசியம் குறையாமல் இருக்காது. நேர்வாளத்தை வீட்டில் சுத்தி செய்து கொடுக்கும் துணிவு யாருக்கும் வேண்டாம், அது மிகக் கடுமையானது.

புதிய இடத்தில் கடைக்காரர் சிங்களத்தில் பேசுவார். சிங்களத்தில் "அரளு" என்றால் கடுக்காய். நம் பேச்சில் "அரளி" என்றால் நஞ்சு. மஞ்சள் அரளி விதை இருதயத்தை நிறுத்தக்கூடியது. இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி "அரளி வாங்கி வா" என்று வாய் தவறிச் சொல்லாதீர்கள், வேலியில் இருப்பதைப் பறித்துக்கொண்டு வந்துவிடும்.

எப்போது பேதி மருந்தே கூடாது

வயிற்று வலியோடு வாந்தியும் காய்ச்சலும் இருந்தால், வலது கீழ் வயிறு தொட்டாலே வலித்தால், வயிறு உப்பிக் காற்றும் போகாமல் இருந்தால், மலத்தில் இரத்தம் இருந்தால், எந்தப் பேதி மருந்தும் கொடுக்க வேண்டாம். குடல்வால் அழற்சியாக இருந்தால் பேதி மருந்து அதை வெடிக்க வைக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. வீதிக்கு எவ்வளவு தூரம் தூக்கி வர வேண்டும் என்பதைப் புதிய வீட்டுக்கு வந்த முதல் கிழமையிலேயே நடந்து பார்த்து வைத்திருங்கள்.

சாதாரண மலச்சிக்கலுக்கு முதல் மருந்து தண்ணீர், கீரை, பப்பாளி, கொய்யா, தினமும் ஒரே நேரத்தில் கழிவறைக்குப் போகும் பழக்கம். இசப்கோல் எடுத்தால் ஒரு முழுக் கிளாஸ் தண்ணீரோடு எடுங்கள். தண்ணீர் போதாவிட்டால் அதுவே தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணித்தியாலம் முன்போ இரண்டு மணித்தியாலம் பின்போ எடுங்கள்.

புதிய கிளினிக்குக்கு முதல் நாள் போகும்போது

தோட்ட டிஸ்பென்சரியில் உங்கள் முகத்தைப் பார்த்தே என்ன மாத்திரை என்று சொல்வார்கள். கரவனெல்லையிலோ, பலாங்கொடையிலோ, இரத்தினபுரி பெரிய ஆஸ்பத்திரியிலோ அப்படி எதிர்பார்க்க முடியாது. வீட்டிலுள்ள மருந்துப் பையை அப்படியே எடுத்துப் போங்கள். பாணிப் போத்தல், விளக்கெண்ணெய், கசாயப் பைக்கட் உட்பட. வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் புதிய கொப்பி கேளுங்கள், பழைய கிளினிக் எங்கே, எந்த வருடம் முதல் என்று சொல்லுங்கள்.

மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், கவுண்டரை விட்டு நகரும் முன், "இது எதற்கு, எத்தனை, எப்போது, எதோடு சேர்க்கக் கூடாது" என்று கேட்டு, ஒவ்வொரு உறையிலும் தமிழில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பாடசாலைப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா வரைந்து வைத்தாலும் போதும். பெயர் தெரியாத, திகதி முடிந்த மாத்திரைகளை வைத்தியசாலையிலேயே கொடுத்துவிட்டு, இலேசான பையோடு வீட்டுக்கு வாருங்கள்.